ஹென்லி தெருவின் மரவீடு

ஏவான் ஆற்றங்கரையில் அமைந்த ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில் 1759ஆம் ஆண்டு, ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஷேக்ஸ்பியர் தமது செல்வ நாளில் விலைக்கு வாங்கி, வாழ்ந்து, உயிர்நீத்த மனையில் நின்ற 'நியூ பிளேஸ்' என்னும் பெருவீட்டை அதன் அன்றைய உரிமையாளர் இடித்துத் தரைமட்டமாக்கினார். அதே ஆண்டில் சாமுவேல் விண்டர் என்பார் வரைந்த நகர வரைபடம் ஒன்றில், ஹென்லி தெருவிலிருந்த பழைய மரவீடு ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு என்று குறிக்கப்பெற்றது. இவ்வீட்டைக் கவிஞரின் பிறப்போடு இணைத்துக் காட்டும் முதல் வரைபடம் அதுவே.

இடிக்கப்பட்ட வீட்டின் உரிமையாளர் செல்வமும் கல்வியும் உடைய சமயகுரு. எஞ்சி நின்ற வீட்டில் வாழ்ந்தவர்களோ தொப்பி செய்தும் இறைச்சி விற்றும் பிழைத்த எளிய மக்கள். கவிஞரின் பெருமையை நன்கு அறிந்திருக்கக்கூடியவர் கையில் ஒரு வீடு அழிந்தது. அப்பெருமையைப் பற்றி அதிகம் எண்ணியிராத குடும்பத்தின் கையில் மற்றொரு வீடு பிழைத்தது. ஹென்லி தெரு வீட்டின் நானூறு ஆண்டு வரலாற்றைப் பயில்வார் இம்முரணை மனத்திற்கொள்ளுதல் நன்று. ஒரு கவிஞரின் வீட்டை யார் காக்கிறார்கள், எதனைக் காக்கிறார்கள், அங்கு வருவோரிடம் எதனைச் சொல்லுகிறார்கள் என்னும் வினாக்களுக்கு இவ்வொரு வீட்டின் கதையே போதிய விடை தருகின்றது.

மரமும் மண்ணும்

வீட்டின் வரலாற்றுக்கு முன் அதன் கட்டுமானத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். அது பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மரச்சட்டக வீடு. அவ்வகை வீட்டில் பாரத்தைத் தாங்குவது சுவரன்று, மரச்சட்டம். ஓக் மரங்களை ஈரம் உலராத நிலையிலேயே அறுத்துத் தூண், விட்டம், குறுக்குச்சட்டம், சாய்கால் எனத் தச்சர் செதுக்குவர். ஒரு மரத்தின் முனையை நாக்குப்போல் இழைத்து, மற்றொன்றில் வெட்டிய துளையில் செருகி, ஊடே ஓக் முளை அடித்து இறுக்குவர். சட்டம் முழுவதையும் பட்டறைத் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, எந்த முனை எந்தத் துளைக்குரியது என்பதற்கு அடையாளக் கீறல் இட்டு, பின்னர் பிரித்து, மனைக்குக் கொணர்ந்து நிறுத்துவர். மரம் உலர உலர முடிச்சுகள் இறுகும். காலம் செல்லச் செல்ல ஓக் மரம் இரும்பின் உறுதியைப் பெறும்.

சட்டங்களுக்கு இடைப்பட்ட வெளியில் மெல்லிய சிம்புகளைப் பின்னி நிறுத்தி, அதன்மேல் வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, சுண்ணாம்பு பூசிச் சுவராக்குவர். இம்மண் உதிர்ந்தால் மீண்டும் அப்பலாம். ஒரு மரம் உளுத்தால் அதனை மட்டும் கழற்றிப் புதுமரம் பொருத்தலாம். ஒரு வீட்டை இரண்டாகத் தடுக்கலாம், இரண்டை ஒன்றாக்கலாம், பின்புறம் ஓர் அறை கூட்டலாம். இவ்வாறு குடியிருப்போர் தேவைக்கேற்ப வளைந்து கொடுப்பதே இவ்வகை வீடுகளின் நீண்ட ஆயுளுக்குக் காரணம். ஆயினும் இதே இயல்பால், எந்த மரம் முதல் தச்சன் வைத்தது, எது பின்வந்தவன் வைத்தது எனப் பிரித்தறிவதும் அரிதாகின்றது.

ஹென்லி தெரு வீட்டின் அடிப்படைக்கு வில்ம்கோட் பகுதியின் நீலச்சாம்பல் நிறக் கல்லும், சட்டத்திற்கு ஆர்டன் காட்டின் ஓக் மரமும் பயன்பட்டன. வில்ம்கோட் கவிஞரின் தாய் மேரி ஆர்டன் பிறந்த சிற்றூர். அவரது குடும்பப் பெயரும் அக்காட்டின் பெயரும் ஒன்றே. தாய்வழி நிலத்தின் கல்லும் மரமுமே தந்தையின் வீடாயின எனலாம்.

தந்தையின் வீடு

கவிஞரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியர், ஸ்னிட்டர்ஃபீல்டு என்னும் அருகிலுள்ள ஊரின் உழவர் குடியிலிருந்து நகருக்கு வந்தவர். தோலைப் பதப்படுத்திக் கையுறை தைப்பது அவர் தொழில். ஹென்லி தெருவில் அவர் வாழ்ந்ததற்குக் கிடைக்கும் முதற்சான்று பெருமைக்குரியதன்று. 1552ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தெருவில் குப்பைமேடு இட்டதற்காக அண்டை வீட்டார் இருவரோடு சேர்த்து அவருக்கும் 12 பென்னி அபராதம் விதிக்கப்பட்டது. உலகப் பெருங்கவிஞர் ஒருவரின் இல்லம் வரலாற்று ஏட்டில் இடம்பெறுவது ஒரு குப்பைமேட்டின் வாயிலாக என்பது எண்ணத்தக்கது. ஆனால் அன்றாட வாழ்வின் மெய்மை அந்தக் குறிப்பில் இருக்கின்றது.

1556இல் ஜான் அத்தெருவில் தோட்டத்தோடு கூடிய வீடொன்றை வாங்கினார். 1575இல் மேலும் இரண்டு வீடுகளை 40 பவுன் கொடுத்து வாங்கினார். இடையில் மேரி ஆர்டனை மணந்தார், ஏழு குழந்தைகளுக்குத் தந்தையானார், 1568இல் நகரின் தலைமைப் பதவியாகிய பெய்லிஃப் பதவியையும் எய்தினார். தெருவை நோக்கிய அறைகளில் ஒன்று அவருடைய தொழிற்கூடம். பதனிடும் தோலின் நாற்றமும், கத்தரியின் ஓசையும், வாங்கவந்தோர் பேச்சும் நிறைந்த வீடு அது.

வில்லியம் ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26ஆம் நாள் திருமுழுக்கு நடந்ததைத் தேவாலயப் பதிவேடு உறுதி செய்கின்றது. அவர் எந்த அறையில், எந்தக் கூரையின்கீழ்ப் பிறந்தார் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. தந்தை அத்தெருவில் வாழ்ந்தார், வீடு வைத்திருந்தார் என்பதற்கு ஆவணம் உண்டு. ஆகவே மகன் அங்குப் பிறந்திருக்கலாம் என்பது வலிமையான அனுமானம். மாடியில் ஓர் அறையைச் சுட்டி 'இதுவே பிறந்த அறை' எனல் நம்பிக்கையின் பாற்படும். அனுமானத்திற்கும் நம்பிக்கைக்கும் இடையிலுள்ள இந்தச் சிறு தொலைவே பின்னாளில் ஒரு கவிஞரைப் பெரிதும் வருத்தியது.

குழந்தை பிறந்த சில மாதங்களில் ஸ்ட்ராட்ஃபோர்டில் கொள்ளைநோய் புகுந்தது. அவ்வாண்டில் 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஹென்லி தெருக் குழந்தை பிழைத்தது. 1594, 1595 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் பெருந்தீ நகரைச் சூறையாடியது. 1614இல் மீண்டும் எழுந்த தீயில் 54 வீடுகள் எரிந்தன. மரத்தாலும் வைக்கோலாலும் ஆன நகரில் தீ எந்தப் பக்கம் திரும்பும் என்பது காற்றின் விருப்பம். இந்த வீடு அத்தீக்களுக்கும் தப்பியது.

தங்கையின் வீடு

1597இல் வில்லியம் நியூ பிளேஸ் மாளிகையை வாங்கினார். நகரின் மிகப் பெரிய வீடுகளுள் அது ஒன்று. கையுறை தைத்தவரின் மகன் இலண்டன் நாடக மேடையில் ஈட்டிய பொருளின் வெளிப்படையான அடையாளம் அது. 1601இல் தந்தை மறைந்தபோது ஹென்லி தெரு வீடும் அவருக்கு உரிமையாயிற்று. ஆனால் அவர் அங்குத் திரும்பவில்லை. வீட்டின் பெரும்பகுதியைக் குத்தகைக்கு விட்டார். அது 'மெய்டன்ஹெட்' என்னும் பெயரில் விடுதியாக மாறியது. ஒட்டிய சிறு பகுதியில் அவருடைய தங்கை ஜோன், தொப்பி செய்யும் கணவர் வில்லியம் ஹார்ட்டோடும் குழந்தைகளோடும் வாழ்ந்தார்.

1616 ஏப்ரல் மாதம் ஜோனுக்குக் கொடிய மாதமாயிற்று. 17ஆம் நாள் கணவர் அடக்கம் செய்யப்பட்டார். 23ஆம் நாள் தமையன் மறைந்தார். தமையனின் உயிலில் தங்கைக்கு 20 பவுன் பணமும், அவர் அணிந்த உடைகளும், ஹென்லி தெருவில் அவர் குடியிருந்த வீட்டில் வாழ்நாள் முழுதும் தங்கும் உரிமையும் எழுதப்பட்டிருந்தன. அதற்கு ஆண்டு வாடகை 12 பென்னி. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குமுன் தந்தை குப்பைமேட்டுக்குச் செலுத்திய அபராதமும் அதே தொகைதான். வாடகை என்பது பெயரளவுக்கே. கணவனை இழக்கும் நிலையிலிருந்த தங்கை தெருவில் நிற்கக்கூடாது என்பதே அவ்வரியின் கருத்து. ஷேக்ஸ்பியரின் அகவாழ்வைப்பற்றி அறியக் கிடைப்பன மிகச் சில. அவற்றுள் இவ்வுயிலின் இப்பகுதி உள்ளத்தைத் தொடுவது.

ஜோன் அவ்வீட்டிலேயே முதுமை எய்தி 1646இல் மறைந்தார். உரிமை கவிஞரின் மகள் சூசன்னாவுக்கும், பின் பேத்தி எலிசபெத்துக்கும் சென்றது. பிள்ளைப்பேறற்ற எலிசபெத் 1670இல் இறந்தபோது, வீட்டை ஜோனின் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார். கவிஞரின் நேர்வழி அத்துடன் அற்றது. வீடு தங்கை வழியில் தொடர்ந்தது.

1806 வரை ஹார்ட் குடும்பத்தாரே உரிமையாளர். ஜோன் குடியேறிய காலந்தொட்டு எண்ணினால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். அவர்கள் செல்வம் பெருக்கவில்லை. ஒரு பகுதியை விடுதிக்காரருக்கு விட்டனர், மற்றொரு பகுதியில் இறைச்சிக்கடை நடந்தது, கடன் வந்தபோது வீட்டை ஈடு வைத்தனர். வசதியிருந்தால் அவர்களும் காலத்தின் நாகரிகத்திற்கேற்ப மரவீட்டை இடித்துச் செங்கல் மாளிகை எழுப்பியிருக்கக் கூடும். அவர்களுடைய வறுமையே அம்மரங்களைக் காத்தது என்றால் மிகையாகாது.

நியூ பிளேஸின் கதை இதற்கு நேர்மாறு. கவிஞர் வாங்கிய கட்டடம் 1702இல் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டது. பின்னர் அதனை வாங்கிய பிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்னும் சமயகுரு, ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கட்டை மரத்தைப் பார்க்க வருவோரின் தொல்லை பொறாமல் அதனை வெட்டினார். வரி பற்றிய பிணக்கு முற்றி, 1759இல் வீட்டையே இடித்தார். வெட்டிய மரத்தை ஒரு கடிகாரத் தொழிலாளி வாங்கிச் சிமிழ்களும் கோப்பைகளும் செய்து நெடுங்காலம் விற்றார்.

நாற்காலியும் நம்பிக்கையும்

1769இல் நடிகர் டேவிட் கேரிக், ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பெருவிழா எடுத்தார். மழை விடாது பெய்தது, ஏவான் கரை புரண்டது, ஊர்வலம் கைவிடப்பட்டது. விழா நனைந்தபோதிலும் அதன் பயன் நனையவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு அன்றுமுதல் ஒரு புனிதத்தலமாயிற்று. ஹென்லி தெரு இறைச்சிக்கடையின் மாடியறை, யாத்திரிகர் ஏறிப் பார்க்கும் சந்நிதியாயிற்று.

1786 ஏப்ரலில், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களான ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் வந்தனர். கணப்படுப்பின் மூலையில் கவிஞர் அமர்ந்ததாகக் காட்டப்பட்ட மரநாற்காலியிலிருந்து, அன்றைய வழக்கப்படி, ஒரு சீவலை வெட்டி எடுத்துக்கொண்டதை ஆடம்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். 1790இல் போலந்து நாட்டு இளவரசி இசபெலா சார்டோரிஸ்கா அந்நாற்காலியை 20 கினிக்கு வாங்கிச் சென்றார். ஆயினும் 1815இல் வந்த அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், அதே மூலையில் நாற்காலி இருக்கக் கண்டார். விற்ற பொருள் எவ்வாறோ திரும்பி வந்துவிட்ட விந்தையை அவர் மெல்லிய நகையோடு பதிவு செய்தார். உண்மையை நுணுகி ஆராய்ந்து இன்பத்தைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை.

இர்விங் கண்ட காலத்தில் வீட்டைக் காட்டி வந்தவள் மேரி ஹார்ன்பி என்னும் குடியிருப்புக்காரி. கவிஞரின் வாள், விளக்கு, புகையிலைச் சிமிழ் எனப் பலவற்றை அவள் வைத்திருந்தாள். தானும் நாடகமும் செய்யுளும் எழுதினாள். சுவரிலும் கூரையிலும் வந்தவர்கள் பெயர் எழுதினர். சன்னல் கண்ணாடியில் வைரமுனையால் கீறினர். வால்டர் ஸ்காட், தாமஸ் கார்லைல் முதலியோர் பெயர்கள் அக்கண்ணாடியில் உள்ளன. 1817இல் இளங்கவிஞர் ஜான் கீட்ஸ் தம் நண்பரோடு வந்து பெயர் பொறித்தார். 1820இல் உரிமையாளரோடு பிணக்குற்று வெளியேற நேர்ந்த ஹார்ன்பி, தன் அரும்பொருள்களை எல்லாம் எதிர்வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். போகும்போது பெயர்கள் நிறைந்த சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுச் சென்றாள் என்பர். பின்னர் அச்சுண்ணாம்பைக் களைந்து பெயர்களை மீட்டனர்.

நகைப்புக்குரிய கதைதான். ஆயினும் ஹார்ன்பியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அரசும் அறிஞர் கழகமும் அவ்வீட்டை ஏறிட்டும் பாராத காலத்தில், காசுக்காகவேனும் அதன் கதவைத் திறந்து வைத்திருந்தவர்கள் அவளைப் போன்றோரே.

ஏலம்

1806இல் ஹார்ட் குடும்பத்திடமிருந்து வீட்டை வாங்கியவர் தாமஸ் கோர்ட். விடுதிப் பகுதியின் முகப்பு அக்காலத்தில் செங்கல்லால் மூடப்பட்டது. கோர்ட்டின் மனைவி 1846இல் இறந்தபின் சொத்து ஏலத்திற்கு வந்தது. அமெரிக்கக் காட்சிவினைஞர் பி. டி. பார்னம் வீட்டை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிச் செல்லக் கருதுகிறார் என்ற செய்தி பரவியது. மரச்சட்டக வீட்டைப் பிரித்து வேறிடத்தில் பூட்டுதல் இயலாத செயலன்று. ஆதலால் அச்சம் மெய்யாகவே எழுந்தது. இருநூறு ஆண்டுகள் கவனியாதிருந்த நாடு, பிறர் கொண்டுபோகக் கூடும் என்றவுடன் விழித்தது.

ஸ்ட்ராட்ஃபோர்டிலும் இலண்டனிலும் குழுக்கள் அமைந்தன. மக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 1847 செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் நடந்த ஏலத்தில், 3,000 பவுனுக்கு வீடு மக்கள் சொத்தாயிற்று. அடுத்த ஆண்டு நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் நண்பர்களோடு ஷேக்ஸ்பியர் நாடகத்தில் தாமே வேடந்தாங்கி நடித்து, வீட்டைப் பேணும் காப்பாளர் பதவிக்கெனப் பொருள் திரட்டினார்.

புதுப்பித்தல்

வாங்கியது எளிது, பேணுவது கடினம் என்பது விரைவில் புலனாயிற்று. அப்போது உதவிக்கு வந்தவரின் தொடர்பு இந்தியாவுக்கும் உரியது. ஜான் ஷேக்ஸ்பியர் என்னும் அவர், கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளம் படைவீரர்களைப் பயிற்றிய அடிஸ்கோம் பள்ளியில் இந்துஸ்தானி மொழிப் பேராசிரியராக இருந்தவர். அவர் எழுதிய இந்துஸ்தானி இலக்கணம் 1813இலும் அகராதி 1817இலும் வெளியாயின. இந்தியாவுக்குப் புறப்பட்ட கம்பெனி ஊழியர் பலரும் அந்நூல்களை வாங்கியாக வேண்டியிருந்தது. அதனால் ஆசிரியர் பெரும்பொருள் ஈட்டினார். கவிஞரின் குலத்தைச் சேர்ந்தவர் தாம் என்று நம்பிய அவர், 1856இல் வீட்டைச் சீரமைக்க 2,500 பவுன் அளித்தார். இந்திய மொழியொன்றின் இலக்கணமும் அகராதியும் ஈட்டித் தந்த செல்வம், ஆங்கிலக் கவிஞரின் வீட்டு மரங்களை நிமிர்த்த உதவியது. 1858இல் அவர் இறந்தபோது அருங்காட்சியகத்திற்கெனத் தம் உயிலில் மேலும் பொருள் ஒதுக்கியிருந்தார். அவ்வறக்கொடையின் நோக்கம் தெளிவற்றது எனக் கூறி நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது.

1857 தொடங்கி 1864 வரை சீரமைப்பு நடந்தது. கட்டடக் கலைஞர் எட்வர்ட் கிப்ஸ், 1769இல் அச்சிடப்பட்ட ஓர் ஓவியத்தை அடிப்படையாகக் கொண்டார். ரிச்சர்ட் கிரீன் என்பார் வரைந்த அவ்வோவியத்தில் இருந்த மாடச் சன்னல்களும் முகப்பு வளைவும் மீண்டும் எழுந்தன. செங்கல் முகப்பு நீங்கியது, உளுத்த மரங்கள் மாற்றப்பட்டன. தீ பரவும் அச்சத்தால் இருபுறமும் ஒட்டியிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன.

இன்று அவ்வீடு தோட்டத்தின் நடுவே தனித்து நிற்பதைக் காண்போர், அது என்றும் அவ்வாறே நின்றது என எண்ணக்கூடும். உண்மையில் அது தெருவரிசையில் இருபுறமும் தோளுரசி நின்ற வீடு. அண்டை வீட்டாரோடு சேர்ந்து குப்பைமேட்டுக்கு அபராதம் கட்டியவரின் வீட்டுக்கு, இன்று அண்டை வீடில்லை. காப்பதற்காகச் செய்த செயலே, காக்கப்பட்ட பொருளின் இயல்பை மாற்றிவிட்டது. அச்செயலைக் குறைகூறவும் இயலாது. தீக்கு இரையான மரவீட்டை எந்த அருங்காட்சியகமும் மீட்டுத் தராது.

சுரங்கக் கவிஞர்

1889இல் அவ்வீட்டின் காப்பாளராகப் பொறுப்பேற்றவர் ஜோசப் ஸ்கிப்சி. அவர் வாழ்க்கை தனியே அறியத்தக்கது. வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் 1832இல் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே, வேலைநிறுத்தக் கலவரம் ஒன்றில் சமாதானம் செய்யச் சென்ற தந்தை காவலர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானார். ஏழு வயதில் சிறுவன் சுரங்கத்தில் இறங்கினான். இருட்டில் அமர்ந்து காற்றுக்கதவைத் திறந்து மூடுவது வேலை. யாரேனும் கொடுத்த மெழுகுவத்தித் துண்டின் ஒளியில், அச்சிட்ட விளம்பரத் தாள்களைப் பார்த்து, அக்கதவிலேயே சுண்ணக்கட்டியால் எழுதி எழுத்தறிந்தான். வளர்ந்து கவிஞரானார், பிற கவிஞர்களின் தொகுப்புகளைப் பதிப்பித்தார், சுரங்கத் தொழிலாளர் வாழ்வைப் பாடி டென்னிசன் முதலானோர் மதிப்பைப் பெற்றார்.

அத்தகையவருக்கு ஷேக்ஸ்பியரின் வீட்டில் காப்பாளர் பதவி கிடைத்தது. ஒரு கவிஞருக்கு அதனினும் மேலான பேறு இருக்க முடியாது என்றே யாரும் கருதுவர். மனைவியோடு அவ்வீட்டில் பணிசெய்யத் தொடங்கினார். நாள்தோறும் வருவோர்க்கு அறைகளைக் காட்டி, நாற்காலி, மேசை, மோதிரம் என ஒவ்வொன்றின் கதையையும் சொல்லுதல் அவர் கடமை. சொல்லச் சொல்ல அவருக்கு ஐயம் எழுந்தது. இப்பொருள்கள் கவிஞருடையவை என்பதற்குச் சான்று என்ன? இந்த அறை பிறந்த அறை என யார் கண்டார்? தேடத் தேட விடை கிடைக்கவில்லை. ஆனால் கதைகளை நாள்தோறும் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. தாம் நம்பாததைப் பிறரை நம்பச் செய்து வாழ்தல் அவரால் இயலவில்லை. 1891இல் பதவியைத் துறந்து வடக்கே திரும்பினார்.

அவர் ஷேக்ஸ்பியர்மீது நம்பிக்கை இழந்தாரல்லர். அவர் ஐயுற்றது பொருள்களையும் அவற்றைச் சுற்றிப் புனைந்த கதைகளையுமே. தமக்குள் இருந்த ஷேக்ஸ்பியர் அழியாதிருக்க வேண்டியே அவர் அவ்வீட்டைவிட்டு வெளியேறினார் எனக் கொள்ளலாம். முதிய வயதில், கிடைத்தற்கரிய ஊதியத்தை உதறிச் சென்ற ஓர் ஏழைக் கவிஞரின் செயல் இது. கவிஞர் நினைவில்லங்களின் வரலாற்றில் இதற்கு ஒப்பான நேர்மையைக் காண்பது அரிது.

இந்நிகழ்ச்சியைப் பத்தாண்டுகள் கழித்துக் கேள்விப்பட்ட ஹென்றி ஜேம்ஸ், 1903இல் 'பிறந்த இடம்' என்னும் நெடுஞ்சிறுகதையை வெளியிட்டார். கவிஞரின் பெயரைச் சொல்லாமலே எழுதப்பட்ட அக்கதையில், ஐயுற்ற காப்பாளர் பதவியைத் துறக்கவில்லை. வேலை போய்விடும் என்று அஞ்சி, பொய்யை மிக அழகாகச் சொல்லப் பழகுகிறார். அவர் சொல்லழகால் கூட்டம் பெருகுகிறது. முடிவில் நிருவாகம் அவருக்கு இருமடங்கு ஊதியம் அளிக்கிறது. ஸ்கிப்சி செய்யாததைச் செய்தால் என்ன நேரும் என்பதற்கு அக்கதை ஒரு கசப்பான விளக்கம். ஸ்கிப்சி மறைந்ததும் அதே 1903இல்தான்.

எஞ்சி நிற்பது

ஸ்கிப்சி விலகிய 1891ஆம் ஆண்டிலேயே, பாராளுமன்றச் சட்டம் ஒன்றின்வழி ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை முறையாக நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு கவிஞரின் மனைவி ஆன் ஹாத்தவேயின் குடும்ப வீட்டையும் அது வாங்கியது. 1930இல் வில்ம்கோட்டில் ஓர் அழகிய மரச்சட்டக வீடு, கவிஞரின் தாய் மேரி ஆர்டனின் வீடு எனக் கருதப்பட்டு வாங்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் மக்கள் அதனைக் கண்டு வணங்கினர். 2000ஆம் ஆண்டு ஆவண ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டியது. ஆர்டன் குடும்பத்தின் வீடு அதுவன்று, அருகில் கவனிப்பாரற்று நின்ற மற்றொரு பண்ணை வீடே. நல்வாய்ப்பாக அதனையும் அறக்கட்டளை முன்னரே வாங்கி வைத்திருந்தது. பிழை மறைக்கப்படவில்லை. பழைய வீட்டுக்கு, உண்மையில் அங்கு வாழ்ந்த பால்மர் என்னும் உழவரின் பெயர் சூட்டப்பட்டது. ஸ்கிப்சி கேட்ட கேள்விக்கு, நூறாண்டு கழிந்து நிறுவனமே அளித்த விடையாக இதனைக் கருதலாம்.

ஹென்லி தெரு வீட்டிலும் காட்சிமுறை மாறியது. ஐயத்திற்குரிய பழம்பொருள்களின் இடத்தில், ஒரு கையுறைத் தொழிலாளியின் இல்லம் எவ்வாறிருந்தது என்பது காட்டப்படுகின்றது. தோலும் கத்தரியும் கொண்ட தொழிற்கூடம், சாயம் தீட்டிய துணித்திரைகள் தொங்கும் அறைகள், எட்டுக் குழந்தைகள் பிறந்த குடும்பத்தின் அடுக்களை ஆகியன அங்கு உள்ளன. அவற்றுட் பல புதிதாகச் செய்யப்பட்டவை. ஆயினும் அவை தம்மைப் பழையன என்று சொல்லிக்கொள்வதில்லை. பெயர் கீறிய பழைய சன்னலோ உள்ளபடியே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. ஷேக்ஸ்பியர் அச்சன்னலைத் தொட்டார் என்பதற்குச் சான்றில்லை. ஸ்காட்டும் கார்லைலும் தொட்டனர் என்பது உறுதி. வாசகர்கள் ஒரு கவிஞரைத் தேடி வந்த வரலாறும் வரலாறே என்பதற்கு அக்கண்ணாடி சான்று.

அவ்வரலாற்றில் கீழ்த்திசைக்கும் பங்குண்டு. கவிஞர் மறைந்த முந்நூறாம் ஆண்டாகிய 1916இல் இஸ்ரேல் கொல்லான்ஸ் பதிப்பித்த போற்றி மலருக்கு, இரவீந்திரநாத தாகூர் வங்கமொழியில் கவிதை எழுதினார். ஈழத்தில் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி கட்டுரை வழங்கினார். பேரரசுகள் போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டில், அறிவுலகத்தின் உடன்பிறப்புணர்வைப் பொருளாகக் கொண்டது அவர் கட்டுரை. 1990களில் ஹென்லி தெரு வீட்டுத் தோட்டத்தில் தாகூரின் மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது. அண்டை வீடுகளை இழந்த அவ்வீட்டுக்கு, தொலைதூரத்துக் கவிஞர் ஒருவர் அண்டை வீட்டாராக வந்தமர்ந்தார் எனலாம்.

மரச்சட்டக வீட்டில் சுவர் உதிரலாம், கூரை மாறலாம், முகப்பு மூடப்பட்டுத் திறக்கப்படலாம். பாரம் தாங்கும் சட்டம் நேராக நிற்கும்வரை வீடு நிற்கும். ஹென்லி தெரு வீட்டின் வரலாற்றிலும் அத்தகைய சட்டம் ஒன்று உண்டு. ஒரு கைத்தொழிலாளி உழைத்து வாங்கினார். அவர் மகன் தன் தங்கைக்கு அதில் நிழல் தந்தார். அவள் வழியினர் இல்லாமையிலும் அதனை விட்டகலாது வாழ்ந்தனர். பிறகு மக்கள் சிறுசிறு தொகையாகப் பணம் கொடுத்து அதனை மீட்டனர். இவை அனைத்துக்கும் ஆவணம் உண்டு. நாற்காலியும் வாளும் மோதிரமும் இச்சட்டத்தின் இடையே அப்பிய மண். அவை உதிர்ந்தபின்னும் வீடு சாயவில்லை. பன்னிரண்டு பென்னி வாடகையில் ஒரு கைம்பெண் முப்பது ஆண்டுகள் அச்சமின்றி உறங்கிய வீடு என்பதே, அங்குச் செல்லும் கவிஞர் எவரும் ஐயமின்றித் தலைவணங்கப் போதுமான பெருமை.